கத்தி பிடித்த கைக்குத் துணை

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்திலே பரணர் தீட்டிய காட்சியொன்று உண்டு. போரிற் பிளவுண்ட மார்பைத் தைக்கும் நீண்ட வெண்மையான ஊசி குருதியுள் மறைந்து மேலெழுதல், மீனைக் கருதிக் குளத்து நீருட் பாய்ந்தெழும் சிச்சிலியை நிகர்க்கும் என்பது அவர் கண்ட உவமை. அதன் நயத்தை வகுப்பிலே விரித்துரைக்கும் ஆசிரியர் பலர். அந்த ஊசியைப் பிடித்த கை யாருடையது, அக்கைக்குத் தொழில் பயிற்றியவர் யார் என வினவுவார் மிக அரியர். புலவரும் அதனைக் கூறினாரல்லர். தழும்பு பெற்றவனுக்குப் பாட்டுண்டு. தைத்தவனுக்குப் பெயரேனும் இல்லை.

அப்பெயரிலியின் வழியில் வந்தவரே இக்காலத்துப் படுகாயச் சத்திரசிகிச்சையாளர். (சத்திரம் என்பது ஈண்டு வழிப்போக்கர் தங்கும் மடமன்று, கருவியைச் சுட்டும் சஸ்திரம் என்னும் வடசொல்லின் திரிபு. மாணவர் சிலர் மயங்குதல் கண்டே இதனை எழுதுகின்றோம்.) ஏனைய வைத்தியருக்கு நூலைப் புரட்டவும், நாளை பார்ப்போம் எனச் சொல்லவும் அவகாசமுண்டு. வீதியில் மோதுண்டு குருதி பெருகக் கொணரப்பட்டவன் முன் நிற்கும் இளம் வைத்தியருக்கு அஃதில்லை. ஆதலின் அவர் முன்னரே கற்றிருத்தல் வேண்டும். எங்ஙனம் கற்பது?

சுசுருத சங்கிதை இதற்கு விடை கூறுகின்றது. நூலறிவு நிரம்பினும் கைப்பழக்கம் இல்லாதவன் தொழிலுக்கு ஆகான் என்பது அந்நூலின் துணிபு. வெட்டும் தொழிலைப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களிலும், கீறுதலை நீர் நிரப்பிய தோற்பையிலும், குத்துதலைத் தாமரைத் தண்டிலும், தைத்தலைத் தடித்த துணியிலும், கட்டுதலைப் பாவையின் உறுப்புகளிலும் மாணாக்கன் பழகவேண்டும் என அது விதிக்கின்றது. பிழை நேர்ந்தால் அழிவது ஒரு பூசணிக்காய் மாத்திரமே. இன்று செயற்கை உடலங்களில் அளிக்கப்படும் பயிற்சியின் கருத்தும் இதுவன்றி வேறன்று.

நம் யாழ்ப்பாணத்திற்கும் இவ்வரலாற்றிலே பங்குண்டு. 1847ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழ் இளைஞருக்கு மேலைமருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1862இல் மீண்டு வந்தபின் தமிழிலே கற்பிக்கலானார். ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகம் நாடிச் சென்றனர்; தமிழிற் கற்றவர் கிராமத்திற் தங்குவர் என்பது அவர் எண்ணம். 1867இல் வெளிவந்த ‘இரண வைத்தியம்’, துரூயிற் என்னும் ஆங்கில வைத்தியரின் சத்திரசிகிச்சைக் கைந்நூலைத் தழுவியது. அதனைக் கலைச்சொல்லாக்க வரலாற்றிலே வைத்துப் பாராட்டுவது எம்மனோர் வழக்கம். எமக்கோ அதன் வேறொரு பயனே பெரிதாகத் தோன்றுகின்றது. ஆசிரியர் அருகில் இல்லாத ஊரிலே, தனியே நின்று புண்ணைத் தைக்கும் இளைஞனுக்கு அவன் தாய்மொழியில் வழிசொல்லும் துணையன்றோ அது!

தனியே நிற்பவன் தடுமாறினால் விளைவதென்ன என்பதனை உலகுக்கு உணர்த்தியது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு துயரம். ஜேம்ஸ் ஸ்ரைனர் என்னும் எலும்புச் சத்திரசிகிச்சையாளர் 1976 பெப்ரவரியிலே குடும்பத்துடன் தம் சிறு விமானத்தைச் செலுத்திச் செல்கையில் அது வயலில் வீழ்ந்தது. மனைவி இறந்தார், பிள்ளைகள் நால்வருள் மூவர் கொடிய காயமுற்றனர். முதலிற் சென்ற சிற்றூர் வைத்தியசாலையில் இருந்தவர்கள் இத்தகைய காயங்களை எம்முறையில் எதிர்கொள்வதெனப் பயின்றவரல்லர். ஸ்ரைனர் அவர்களைப் பழித்து அமையவில்லை. நண்பருடன் கூடி அவர்களுக்கென ஒரு பாடத்தை வகுத்தார். 1978இல் முதல் வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் கல்லூரி அதனைத் தனதாக்கிக் கொண்டது. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிற் கற்பிக்கப்படுகின்றது. அதன் சாரம் சூத்திரம் போன்றது: முதலிற் சுவாசவழி, பின்னர் சுவாசம், பின்னர் குருதியோட்டம், பின்னர் நரம்பின் நிலை, ஈற்றிலே உடல் முழுவதையும் திறந்து நோக்கல். எது விரைந்து கொல்லுமோ அதனை முதலிற் கவனிக்க என்பதே வைப்புமுறை. இலக்கணம் கற்றோர் இவ்வைப்புமுறையின் அருமையை எளிதில் உணர்வர்.

நிற்க. கைக்குப் பயிற்சி கிடைத்தது; நெஞ்சுக்கு? முறைப்படி யாவும் செய்தும் சிலர் இறப்பர். முறை பிறழ்ந்தமையால் இறப்பாரும் உளர். பொஸ்ரன் நகரத்து ஏர்னஸ்ற் கொட்மன் தம் சிறிய வைத்தியசாலையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 நோயாளரையும் பின்தொடர்ந்து நோக்கி, 123 பிழைகளைக் கண்டு அச்சிட்டு வெளியிட்டார். சக வைத்தியர் பலர் அவரை வெறுத்தனர். ஆயினும் மரணங்களை ஒன்றுகூடி ஆராயும் இன்றைய வழக்கத்திற்கு வித்திட்டோருள் அவரும் ஒருவர். அக்கூட்டம் நன்கு நடந்தால் பள்ளிக்கூடம். தவறி நடந்தால் குற்றவாளிக் கூண்டு. இளையவரை எழுப்பி நிறுத்தி நகைக்கும் மூத்தவர் கற்பிப்பது மறைக்கும் கலையையே.

பிழை நேர்ந்தபின் வைத்தியரும் காயமுறுகின்றார் எனக் கருதி, அவரை ‘இரண்டாவது பலியாள்’ என அல்பேட் வூ என்னும் அமெரிக்க வைத்தியர் 2000ஆம் ஆண்டிற் குறித்தார். உறவினரை இழந்தோர் சிலர் 2019இல் அப்பெயரை மறுத்தனர். உயிரிழந்தவனோடு ஒருநிரையில் வைத்தெண்ணற்க என்பது அவர் வாதம். சொல்லைப் பொறுத்தவரை எம் தீர்ப்பு அவர் பக்கமே. ஆயின் சொல் பிழையாயினும் பொருள் பிழையன்று. உறங்காத அவ்வைத்தியரே மறுநாளும் கத்தியை எடுக்கவேண்டும். அவர் கை நடுங்கினால் நட்டம் அடுத்த நோயாளிக்கு.

1980 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்கும் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பரீட்சையிற் சித்தியெய்தி, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் மேற்பயிற்சி முடித்தோரே நம் நாட்டிற் சத்திரசிகிச்சை நிபுணராகின்றனர். பயிற்சிக்காலம் முழுவதும் சூழ ஆசிரியர் இருந்தவர், தூரத்து ஆதார வைத்தியசாலைக்குச் சென்ற முதல் மாதத்தில் திடீரெனத் தனியராகின்றார். முதல் ஈராண்டுக்கேனும் அவருக்கென ஒரு மூத்தவர் பெயர் குறித்து நியமிக்கப்படல் வேண்டும். நள்ளிரவில் அழைத்தாலும் சினவாது விடைதருபவராக அவர் இருத்தல் வேண்டும். இயலுமாயின் நேரில் வந்து, கத்தியைத் தாம் வாங்கிக்கொள்ளாது, மேசையின் எதிர்ப்புறத்தே நிற்கவேண்டும். அவ்விரவுக்குரிய வேதனத்தையும் வாகனத்தையும் அவருக்கு வழங்க விதி செய்வது சுகாதார அமைச்சின் கடன்.