ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம்: புதுச்சேரி கொம்யூன் பள்ளிகளில் பாடமும் எதிர்பார்ப்பும்

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம் என்பது இடைநிலைக் கல்வியின் முதல் ஆண்டில் கற்பிக்கப்படும் மொழிப்பாடம் ஆகும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அரசுப் பள்ளிகளில் 2023-24 கல்வியாண்டு முதல் இப்பாடம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சி.பி.எஸ்.இ.) பாடத்திட்டப்படி நடத்தப்படுகிறது. வாரியம் இதற்கு இட்டுள்ள பெயர் 'ஆங்கிலம்: மொழியும் இலக்கியமும்'; பாடக் குறியீட்டு எண் 184. வில்லியனூர், பாகூர் போன்ற ஊரகக் கொம்யூன்களில் வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் பேசும் வாய்ப்பு மாணவருக்குக் குறைவு. அதனால் இந்த ஓராண்டில் பாடம் என்ன கேட்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது அவர்களுக்குப் பெரிதும் உதவும்.

பின்னணி

புதுச்சேரி வட்டாரத்தில் வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. இவற்றில் பாகூருக்குக் கல்வி வரலாற்றில் பழமையான இடம் உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடு, அவ்வூரில் இயங்கிய 'வித்தியாஸ்தானம்' என்னும் உயர்கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. அச்செப்பேடே வடமொழியிலும் தமிழிலும் அமைந்தது. பின்னர் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பிரெஞ்சு மொழி கல்விக்கும் அலுவலுக்கும் உரிய மொழியாக விளங்கியது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்த பிறகு ஆங்கிலம் அவ்விடத்தைப் பெற்றது.

புதுச்சேரி, காரைக்கால் வட்டாரப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றி வந்தன. 2023-24-இல் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளும் 11-ஆம் வகுப்பும் சி.பி.எஸ்.இ. முறைக்கு மாறின, அடுத்த ஆண்டில் 10, 12 ஆகியவை மாறின. எனவே 2023-இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எட்டாம் வகுப்பை ஒரு முறையிலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை வேறொரு முறையிலும் எழுத நேர்ந்தது. இடையில் கிடைத்தது ஒன்பதாம் வகுப்பு ஓராண்டு மட்டுமே. 2025 பிப்ரவரியில் அவர்கள் எதிர்கொண்ட பொதுத்தேர்வின் முதல் தாளும் ஆங்கிலமே.

இந்த மாற்றத்தின் ஒரு விளைவு எல்லையோர ஊர்களில் தெளிவாகத் தெரிகிறது. பாகூர் கொம்யூன் கடலூரை ஒட்டியது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் உறவுக்காரப் பிள்ளையின் ஆங்கில நூலும் இப்பக்கத்துப் பிள்ளையின் நூலும் இன்று வெவ்வேறு. அண்ணன், அக்கா படித்த பழைய கைடுகளும் இப்போது பயன்படுவதில்லை.

பாடநூல்கள்

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு (என்.சி.இ.ஆர்.டி.) 2006-இல் வெளியிட்ட இரு நூல்களைக் கொண்டே கொம்யூன் பள்ளிகளில் இந்த மாற்றம் தொடங்கியது. 'பீஹைவ்' உரைநடையும் கவிதையும் கொண்ட முதன்மை நூல். 'மோமென்ட்ஸ்' சிறுகதைகள் கொண்ட துணைநூல்.

பீஹைவ் நூலில் தமிழ் மாணவருக்கு அந்நியமில்லாத பகுதிகள் உண்டு. ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் இராமேசுவரச் சிறுவயது நினைவுகள் ஒரு பாடம். வைக்கம் முகம்மது பஷீரின் பாம்புக் கதை இன்னொன்று. 'விண்ட்' என்னும் கவிதை, சுப்பிரமணிய பாரதியார் காற்றைப் பற்றி எழுதியதை ஏ.கே.ராமானுஜன் ஆங்கிலத்தில் பெயர்த்தது. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தவர். அவருடைய தமிழ் மூலத்தையும் ஆங்கில வடிவத்தையும் அருகருகே வைத்துப் படித்தால், பொருளை முதலில் பிடித்துக்கொண்டு பிறகு ஆங்கிலச் சொற்களுக்குச் செல்லலாம். மோமென்ட்ஸ் நூலில் முல்க் ராஜ் ஆனந்த், ரஸ்கின் பாண்ட், ஆர்.கே.லக்ஷ்மண் ஆகியோரின் கதைகளோடு ஆஸ்கார் வைல்டு, செகாவ் போன்றோரின் கதைகளும் உள்ளன.

மதிப்பெண் பகிர்வு

பாடத்தின் மொத்த மதிப்பெண் 100. ஆண்டுத் தேர்வுக்கு 80, அக மதிப்பீட்டுக்கு 20. மாற்றம் தொடங்கிய 2023-24-இன் பாடத்திட்டப்படி ஆண்டுத் தேர்வின் அமைப்பு பின்வருமாறு:

• வாசிப்புத் திறன் – 20 மதிப்பெண். பாடநூலில் இல்லாத இரு பத்திகள் தரப்படும். ஒன்று 400 முதல் 450 சொற்கள் கொண்டது. மற்றொன்று 200 முதல் 250 சொற்களில், அட்டவணை அல்லது வரைபடத்தோடு அமைந்திருக்கும்.
• எழுத்துத் திறனும் இலக்கணமும் – 20 மதிப்பெண். இலக்கணத்துக்கு 10. விவரிப்புப் பத்திக்கு 5. நாட்குறிப்பு அல்லது கதைக்கு 5. எழுத வேண்டியது ஒவ்வொன்றும் 100 முதல் 120 சொற்கள்.
• இலக்கியம் – 40 மதிப்பெண். பாடப்பகுதியைக் கொடுத்துக் கேட்கும் வினாக்கள், 40 முதல் 50 சொற்களில் குறுவிடை, 100 முதல் 120 சொற்களில் நெடுவிடை.

தேர்ச்சிக்கு 33 விழுக்காடு தேவை.

மனப்பாடத்தின் எல்லை

மேற்கண்ட பகிர்வைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று புலப்படும். 80 மதிப்பெண்ணில் பாடநூலை ஒட்டியது 40. மீதி 40, மாணவர் முன்பு பார்த்திராத பத்தியைப் படிப்பதற்கும் சொந்தமாக எழுதுவதற்கும் இலக்கணத்தைப் பயன்படுத்துவதற்கும் உரியது. பாடத்தின் பின்னுள்ள வினாவிடைகளை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாலும் இந்தப் பாதிக்கு அது உதவாது. இலக்கியப் பகுதியிலும் "கதையில் என்ன நடந்தது" என்பதைவிட "அந்தப் பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது" என்பது போன்ற கேள்விகளே நெடுவிடைகளில் மிகுதி.

கொம்யூன் பள்ளி மாணவர் பலருக்குச் சிக்கல் இங்கேதான் எழுகிறது. எட்டாம் வகுப்பு வரை எழுதிப்போட்ட விடையைப் பார்த்து எழுதிப் பழகியவர், ஒன்பதில் தாமே ஒரு வாக்கியம் அமைக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் கைவராவிட்டால் இழப்பு அந்தப் பாடத்தோடு நிற்பதில்லை. அறிவியலையும் சமூக அறிவியலையும் ஆங்கில வழியில் படிப்பவருக்கு, கேள்வியையே புரிந்துகொள்ள முடியாத நிலை அப்பாடங்களிலும் வரும்.

தமிழ் மாணவர் இடறும் இலக்கண இடங்கள்

காலங்கள், துணைவினைகள், எழுவாய்-பயனிலை இயைபு, பிறர் கூற்று, சுட்டுச் சொற்கள் ஆகியவை ஒன்பதாம் வகுப்பின் இலக்கணப் பகுதிகள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இரு மொழிகளின் அமைப்பு வேறுபாட்டிலிருந்து பிறக்கின்றன.

தமிழில் 'வருகிறான்', 'வருகிறாள்', 'வருகிறார்கள்' என வினையே ஆளைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் நிகழ்கால வினை பெரும்பாலும் ஒரே வடிவில் நிற்கும். படர்க்கை ஒருமைக்கு மட்டும் இறுதியில் 'ஸ்' ஒலி சேரும். 'தே கோ' என்பது சரி. 'ஹி' வந்தால் 'கோஸ்' ஆக வேண்டும். இந்த ஓர் எழுத்தை மறப்பதே விடைத்தாள்களில் மிகப் பரவலான பிழைகளில் ஒன்று.

பிறர் கூற்றில் வேறுபாடு இன்னும் ஆழமானது. "நாளை வருகிறேன் என்று முருகன் சொன்னான்" என்னும்போது தமிழ், முருகனின் சொற்களை அப்படியே வைத்து 'என்று' சேர்க்கிறது. ஆங்கில அயற்கூற்றில் 'நான்' என்பது 'அவன்' ஆகும். காலம் பின்னோக்கி நகரும். 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆகும். 'ஏ', 'தி' போன்ற சுட்டுச் சொற்களுக்குத் தமிழில் நேர் இணை இல்லை. 'ஒரு', 'அந்த' என்பவை ஓரளவே ஈடாகும். இந்த வேறுபாடுகளைத் தமிழிலேயே ஒருமுறை விளக்கிவிட்டால், விதிகளை மனப்பாடம் செய்யும் சுமை குறையும்.

அக மதிப்பீடு

அக மதிப்பீட்டின் 20 மதிப்பெண், பருவத் தேர்வு, பல்வகை மதிப்பீடு, தொகுப்பேடு, பாடச் செறிவூட்டல் என நான்காகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் 5 வீதம் அமைகிறது. தொகுப்பேடு என்பது மாணவரின் வகுப்புப் பணிகளையும் ஒப்படைப்புகளையும் சேர்த்து வைக்கும் கோப்பு. ஆங்கிலத்தில் பாடச் செறிவூட்டல் என்பது கேட்டல், பேசுதல் செயல்பாடுகளைக் குறிக்கும். ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் ஊரக மாணவருக்கு, தவறினாலும் கேலிக்கு ஆளாகாமல் பேசிப் பார்க்கும் இடமாக அமைய வேண்டியது இந்தப் பகுதியே. ஆண்டின் கடைசி வாரத்தில் மதிப்பெண் இடுவதற்காக மட்டும் நடத்தப்பட்டால் அதன் நோக்கம் கெடும்.

ஒன்பதாம் ஆண்டின் இடம்

ஒன்பதாம் வகுப்பின் ஆண்டுத் தேர்வு பள்ளி அளவிலானது. வாரியப் பொதுத்தேர்வு அன்று. ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான வாரியப் பதிவு இவ்வாண்டிலேயே நடைபெறுகிறது. மாணவர் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பெற்றோர் அப்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பத்தாம் வகுப்பு ஆங்கிலமும் இதே 20, 20, 40 பகிர்வில்தான் அமைந்துள்ளது. நாள்தோறும் பாடநூலில் இல்லாத ஒரு பத்தியைப் படித்தல், பாடம் முடிந்ததும் நூலை மூடிவைத்து அதன் சுருக்கத்தை ஐந்து வாக்கியங்களில் எழுதுதல், ஆசிரியர் திருத்திய பிழையை மறுநாள் புதிய வாக்கியத்தில் பயன்படுத்திப் பார்த்தல் ஆகிய பழக்கங்களை ஒன்பதிலேயே கொண்டவருக்கு, அடுத்த ஆண்டின் பொதுத்தேர்வுத் தாள் புதியதாகத் தோன்றாது.