சீட்டாட்டமும் ஒரு கணித நூலும்

1944-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட கணித நூலொன்றை வெளியிட்டது. எழுதியவர்கள் வான் நாய்மன் என்ற கணித மேதையும் மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளியல் அறிஞரும் ஆவர். பொருளியலை ஆட்டக் கணக்காய் ஆராயும் அந்நூலை வல்லுநர் சிலரே போற்றினர். 1946 மார்ச்சில், போக்கர் சீட்டாட்டக் கணிதம் வாணிபத்துக்கு உதவுமென நியூயார்க் டைம்ஸ் முதற்பக்கத்தில் எழுதவே, நூலின் பெயர் பொதுமக்களிடமும் பரவிற்று.

1947-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. நிச்சயமற்ற நிலையில் முடிவெடுப்போரின் விருப்பத்தை எண்ணால் அளக்கலாம் என்பதற்கான நிறுவல் அதன் பின்னிணைப்பிலேதான் சேர்ந்தது. நமது ரயில்வேப் பாஷையில் சொல்வதானால், கையிலுள்ள உறுதியான சாதாரணப் படுக்கையை விட்டு, குளிர்வசதிப் பெட்டியின் காத்திருப்புப் பட்டியலுக்கு ஒருவர் மாறுகிறார் என்க. கிடைக்காவிடில் பயணமே இல்லை. நூற்றுக்கு எத்தனை வாய்ப்பிருந்தால் மாறச் சம்மதிப்பாரோ, அவ்வெண்ணே சாதாரணப் படுக்கைக்கு அவர் மனம் தரும் மதிப்பு.

இன்றும் பொருளியல் மாணவர் கற்பது இவ்வளவையைத்தான். சீட்டாட்டம் கற்கவென வாங்கியோர் எத்தனை பக்கம் கடந்தனரோ! நாமும் இருமுறை தொடங்கி, நாற்பதாம் பக்கத்துக்குள் நூலகத்தில் திருப்பிக் கொடுத்தவர்களே.