எந்தத் தொலைநோக்கியை வாங்குவது?

வானத்தைப் பார்க்கவே பயந்த காலம் ஒன்று எமக்கு இருந்தது. பரா லைற் எரிந்தால் பதுங்குகுழிக்குள் ஓடுவோம். நட்சத்திரங்களை யார் பார்த்தார்கள்? 2009இற்குப் பின்னரும் பல வருடங்களாக இரவில் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கிராமப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். தொலைநோக்கி வாங்கவென்று பழைய மாணவர்கள் பணம் அனுப்பினார்கள். ஒன்றுதான் வாங்கலாம். பழைய முறையிலானதா, ஸ்மார்ட் தொலைநோக்கியா?

நாம் பார்த்தபோது விலையில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. முதலாவது, ஆறு அங்குல ஆடி கொண்ட டொப்சன் வகை. அமெரிக்காவில் தெருவோரத்தில் நின்று மக்களுக்கு வானத்தைக் காட்டிய ஜோன் டொப்சன் பரவச் செய்த எளிய அமைப்பு. மின்சாரம் தேவையில்லை. கையால் திருப்பித் தேட வேண்டும். சனியின் வளையத்தை எமது கண்ணாலேயே காணலாம்.

மற்றது 'சீஸ்டார் எஸ் 50' போன்ற கருவி. அதில் கண் வைத்துப் பார்க்கும் இடமே இல்லை. கைத்தொலைபேசியில் பெயரைத் தொட்டால் தானே தேடிப் பிடிக்கும். பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும். டொப்சனில் சாம்பல் புகைபோலத் தெரியும் ஓரியன் நெபுலா இதில் செந்நிறமாக விரியும். ஆனால் இதன் வில்லை 50 மில்லிமீற்றர்தான். சனி மிகச் சிறிதாகவே தெரியும். மின்கலத்தையும் ஏற்ற வேண்டும்.

என் மனம் டொப்சன் பக்கமே நின்றது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து கேட்டார்: "ரீச்சர், எனக்கு ஒரு கண் ஷெல்லில போட்டுது. மற்றதும் மங்கல். குனியவும் ஏலாது. எனக்கு எதில தெரியும்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. எது சிறந்த கருவி என்றே யோசித்திருந்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

ஸ்மார்ட் தொலைநோக்கியையே வாங்கினோம். மாசி மாத இரவொன்றில் அந்தத் தாய் கதிரையில் இருந்தபடி, திரையைப் பெரிதாக்கி அந்த நெபுலாவைப் பார்த்தார். "இவ்வளவு வடிவா மேல இருந்திருக்கு, நாங்கள் தெரியாம இருந்திட்டம்" என்றார்.

சனியின் வளையத்தைப் பெரிதாகக் காட்டும்படி மாணவிகள் கேட்கும்போது இன்னமும் எனக்கு மனம் உறுத்துகிறது. நல்ல பார்வையும் தேடும் பொறுமையும் உள்ளவர்களுக்கு டொப்சனே ஏற்றது. எதை வாங்கினாலும், உரிய வடிகட்டி இல்லாமல் சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள்.

சகோதரிகளே, கருவி எதுவும் இல்லாவிட்டாலும் ஓர் இரவு பிள்ளைகளுடன் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பாருங்கள். அந்த வானம் எமக்கும் உரியதுதான்.