‘உலமா’ என்றால் யார்?

பனச்சமூட்டில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போக அதிக நேரம் ஆவதில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனால் பேச்சுக்கு எல்லைக்கல் இல்லை. இஸ்லாமிய மார்க்கக் கல்வி கற்றவரை மலையாளத்தில் முஸ்லியார், மௌலவி என்பார்கள்; தமிழில் ஆலிம், ஆலிம்சா என்பார்கள். இவர்கள் அனைவரையும் சேர்த்துக் குறிக்கும் சொல்தான் ‘உலமா’.

இது அரபுச் சொல். ‘இல்ம்’ என்றால் அறிவு. அறிவுடையவர் ‘ஆலிம்’, பெண்ணானால் ‘ஆலிமா’. ஆலிமின் பன்மை ‘உலமா’. ஏற்கெனவே பன்மையான சொல்லோடு நாம் மேலும் ஒரு விகுதியைச் சேர்த்து ‘உலமாக்கள்’ என்கிறோம். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ‘முஅல்லிம்’ என்பதும் இதே வேரில் பிறந்த சொல்லே.

திருக்குர்ஆனில் ‘உலமா’ என்ற சொல் இரண்டு இடங்களில் வருகிறது. 26ஆம் அத்தியாயத்தில் அது இஸ்ரவேலரின் அறிஞர்களைக் குறிக்கிறது. 35ஆம் அத்தியாயத்தில் மழை, பல நிறக் கனிகள், மலைகளில் ஓடும் வெள்ளை, சிவப்பு, கருப்புக் கோடுகள், கால்நடைகளின் நிறங்கள் ஆகியவற்றைச் சொன்ன பிறகே, இறைவனுக்கு அஞ்சி நடப்போர் அறிஞர்கள் என்ற கருத்து வருகிறது. ஆகவே ஏட்டறிவு மட்டும் இச்சொல்லின் பொருள் அன்று.

இஸ்லாத்தில் புரோகிதர் வகுப்பு கிடையாது. பிறப்பால் எவரும் ஆலிம் ஆவதில்லை. ஆசிரியரிடம் பல ஆண்டுகள் ஓதி ‘ஸனது’ பெற வேண்டும். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவில் அவ்வாறு தேறியவர்கள் ‘பாகவி’ எனப்படுகின்றனர். மலையாளம் பேசும் மாணவர்களும் அங்கே சென்று ஓதித் திரும்பியிருக்கிறார்கள்.

அறிந்தவருக்குப் பொறுப்பும் உண்டு. அதற்கு இப்பகுதியிலேயே சான்று இருக்கிறது. வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905இல் ‘சுதேசாபிமானி’ பத்திரிகையைத் தொடங்கினார். அதன் ஆசிரியராக 1906இல் பொறுப்பேற்ற ராமகிருஷ்ண பிள்ளை நெய்யாற்றின்கரைக்காரர். திருவிதாங்கூர் திவானையும் அரசாட்சியையும் அவர் கடுமையாகக் கண்டித்து எழுதினார். உரிமையாளரான மௌலவி அவர் கையைக் கட்டவில்லை. 1910 செப்டம்பர் 26ஆம் தேதி பிள்ளை நாடு கடத்தப்பட்டார். மௌலவியின் அச்சுக்கூடம் பறிமுதல் ஆயிற்று. பிள்ளை 1916இல் கண்ணூரில் காலமானார்.

அச்சுக்கூடம் போயிற்றே என்று மௌலவி ஓய்ந்துவிடவில்லை. 1918இல் ‘அல் இஸ்லாம்’ இதழை அரபு மலையாளத்தில் தொடங்கினார். முஸ்லிம் பெண்களும் கல்வி கற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1932இல் மறையும்வரை அவர் பணி தொடர்ந்தது.

முஸ்லியார் என்றாலும் ஆலிம் என்றாலும் கற்றவருக்கு நாம் தரும் மரியாதை ஒன்றே. கற்றதைப் பிறருக்குப் பயன்படச் செய்பவரிடம் அச்சொல் முழுப் பொருள் பெறுகிறது.