இரத்மலானை – பலாலி: வான்வழித் தூரமும் பயண நேரமும்

இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளத்தல் எளிது. அத்தூரத்தைக் கடக்க மனிதனுக்குச் செல்லும் காலத்தை அளத்தலே அரிது. இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையிலான வான்வழி இதற்குத் தக்க சான்றாகும்.

இரத்மலானை வட அகலக்கோடு 6.82 பாகையிலும் பலாலி 9.79 பாகையிலும் உள்ளன. கிழக்கு மேற்காக இவற்றின் வேறுபாடு 20 கிலோமீற்றர் அளவே. ஆகவே கணக்கு மிகச் சுருங்கிவிடுகின்றது. ஓர் அகலக்கோட்டுப் பாகை ஏறக்குறைய 110.6 கிலோமீற்றர் எனக் கொண்டால், வான்வழித் தூரம் 330 கிலோமீற்றர் அளவாகும். தரைவழியோ 400 கிலோமீற்றரை ஒட்டியது. அதே நெடுங்கோட்டை ஒட்டி வடக்கே சென்றால் பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் 355 கிலோமீற்றர் அளவு. அதாவது, கொழும்புக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ நடுவில் யாழ்ப்பாணம் அமைந்துள்ளது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தமை இப்புவியியலின் பயனே எனலாம்.

அன்று பறந்த டக்கோட்டா மணிக்கு 280 கிலோமீற்றர் அளவில் செல்வது. இத்தூரத்துக்கு 70 நிமிடம் வேண்டும். 450 கிலோமீற்றர் வேகமுடைய அன்ரனோவ்-24க்கு 44 நிமிடம் போதும். மார்கழியில் வடகீழ்க் காற்று 40 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்த்தால் முன்னதற்கு 12 நிமிடமும் பின்னதற்கு 4 நிமிடமும் கூடும். காற்று ஒன்றே, மெல்லச் செல்வதையே அது மிகுதியாக வருத்துகின்றது. புறப்பாடு, ஏற்றம், இறக்கம் ஆகியவற்றுக்குரிய நிமிடங்கள் வேறு.

ஆயினும் ஜிந்துப்பிட்டியிலிருந்து புறப்படும் பயணிக்கு இக்கணக்கு முழுமையானதன்று. இரத்மலானையை அடையவே அவர் நகரை ஊடறுத்துக் காலி வீதி வழியே 14 கிலோமீற்றருக்கு மேல் செல்லல் வேண்டும். போர்க்காலத்திலோ பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்கான காத்திருப்பு நாட்கணக்கில் நீண்டது. பொதிச் சோதனையும் ஆட்சோதனையும் மணிக்கணக்கில் நீண்டன. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின், 2009 வரை வானும் கடலுமே யாழ்ப்பாணத்தாரின் வழிகளாயின.

அவ்வானும் பாதுகாப்பானதாக இருந்ததில்லை. 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ்-24, சில நிமிடங்களில் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். இரணைதீவுக் கடலடியில் அதன் சிதைவுகள் கண்டறியப்பட்டது 2012இல். முக்கால் மணிப் பயணம் ஒன்றின் தடயத்துக்காக உறவினர் காத்திருந்தது 14 ஆண்டுகள்.

பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தொடங்கிய சென்னைச் சேவை, 2020இல் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, கட்டுநாயக்காவில் ஏறி, தம் ஊரின் திசையிலேயே மீண்டும் வடக்கே பறந்து சென்னை சேர்ந்த நெடுங்காலச் சுற்றுவழி அத்துடன் பலருக்குத் தேவையற்றதாயிற்று.