ஜாடிக்கேற்ற மூடி

இரண்டு பருவமழையும் தவறாமல் எட்டிப் பார்க்கும் ஊர் நம் கீரிப்பாறை. ரப்பர் மரத்தில் பால் வெட்ட இயலாத மழை நாட்களில் வீட்டுக்கு வீடு துணையாய் இருப்பது பாட்டு. 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் நாகர்கோவிலில் அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் தொடங்கப்பட்டது. (நம் பெற்றோரில் பலருக்கு வேலை தந்த அரசு ரப்பர் கழகமும் அதே ஆண்டில்தான் தொடங்கியது.) அன்று ஒரு சிறிய ரேடியோப் பெட்டி இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் போதும். அந்தப் பெட்டிக்குள் இருந்த ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் தொழிற்சாலையிலேயே திருமணம் முடிந்து வந்த ஜோடி. நாம் பொருத்தம் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இன்று அப்படியன்று. இடுப்பளவு உயரத்தில் தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர்களை வளைகுடாவில் வேலை செய்யும் அண்ணன் வாங்கி அனுப்புகிறார். ஆம்ப்ளிஃபயரை அப்பா நாகர்கோவிலில் வாங்குகிறார். இரண்டும் நம் வீட்டு முன்னறையில் முதன்முதலாகச் சந்திக்கின்றன. போனஸ் பணமும் சீட்டுப் பணமும் சேர்ந்து வாங்கிய பொருள் அவை. பொருத்தம் இல்லையெனில் ஒரே இரவில் கரிந்து போகவும் கூடும். பெரும்பாலோர் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எண்ணை மட்டுமே. பொருத்தத்தை முடிவு செய்பவற்றுள் அது கடைசியில் நிற்பது. அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு உள்ளன. ஒன்று ஓம், மற்றொன்று உணர்திறன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். தமிழில் ஸ்பீக்கரை ஒலிபெருக்கி என்கிறோம். உண்மையில் அது எதையும் பெருக்குவதில்லை. பெருக்கும் வேலையைச் செய்வது ஆம்ப்ளிஃபயர். செல்பேசியிலிருந்தோ குறுந்தகட்டிலிருந்தோ வரும் மிக மெல்லிய மின் அலையை, வீட்டு மின்சாரத்தின் சக்தியைக் கொண்டு அது பெரிதாக்குகிறது. அந்த மின் அலை, ஸ்பீக்கரில் காந்தத்தின் நடுவே தொங்கும் கம்பிச் சுருளில் பாய்ந்ததும் சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனுடன் ஒட்டிய காகிதக் கூம்பு காற்றைத் தள்ளுகிறது. நாம் கேட்பது அந்தக் காற்றைத்தான். 1925-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் விளக்கி வெளியிட்ட அமைப்பே ஏறத்தாழ மாற்றமின்றி இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. வியப்பான செய்தி யாதெனில், சாதாரண வீட்டு ஸ்பீக்கருக்கு நாம் கொடுக்கும் மின்சக்தியில் நூறில் ஒரு பங்குகூட ஒலியாக மாறுவதில்லை. மீதியெல்லாம் அந்தச் சுருளில் வெப்பமாகவே முடிகிறது. சுருள் ஏன் கரிகிறது என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

இனி ஓம் கணக்கைக் காண்போம். ஸ்பீக்கரின் பின்புறம் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று எழுதியிருக்கும். மாறும் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையே அது.  மொட்டைமாடித் தொட்டியை ஆம்ப்ளிஃபயர் என்றும், கீழேயுள்ள குழாயை ஸ்பீக்கர் என்றும் எண்ணிக் கொள்ளுங்கள். ஓம் குறைந்தால் குழாய் அகலம் கூடிற்று என்று பொருள். தொட்டியின் உயரம் மாறாதிருக்கையில் அகலக் குழாய் அதிகத் தண்ணீரை இழுக்கும். அதேபோல் 2.83 வோல்ட் அழுத்தம் 8 ஓம் ஸ்பீக்கரில் 1 வாட் சக்தியைச் செலுத்தும். 4 ஓம் ஸ்பீக்கரிலோ 2 வாட். மின்னோட்டமும் இருமடங்கு. ஓம் விதி படித்த ஒன்பதாம் வகுப்புத் தங்கையும் இதைப் போட்டுப் பார்த்து விடலாம்.

ஆகவே, 'குறைந்தது 6 ஓம்' என்று எழுதிய ஆம்ப்ளிஃபயரில் 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் கேடு எதுவும் இல்லை, ஒலி மட்டும் சற்றுக் குறையலாம். 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் ஆம்ப்ளிஃபயர் தன் சக்திக்கு மீறி மின்னோட்டம் தர வேண்டி வரும். மெல்லப் பாடும் வரை பொறுத்துக் கொள்ளும். சத்தத்தைக் கூட்டக் கூட்டச் சூடேறும்.

நம் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் நடந்ததும் இதுவே. வெளிநாட்டிலிருந்து வந்த 4 ஓம் டவர் ஸ்பீக்கர் இரண்டு. வீட்டில் ஏற்கெனவே இருந்த 4 ஓம் பெட்டிகள் இரண்டு. பழையவற்றை ஒதுக்க மனமில்லாமல், ஒரே முனையில் பக்கத்துக்கு இரண்டாகச் சேர்த்து முறுக்கி விட்டார்கள். பக்க இணைப்பில் 4-உம் 4-உம் சேர்ந்தால் 8 ஆவதில்லையே, 2 அல்லவா ஆகிறது! கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து பாட்டு போட்டார்கள். அரைமணி நேரத்தில் கரிந்த வாடையும் அமைதியும்தான் மிஞ்சின. டவர் ஸ்பீக்கர் தரமற்றது என்றே அவ்வீட்டார் நெடுநாள் நினைத்திருந்தனர். ஸ்பீக்கர்கள் நன்றாகத்தான் இருந்தன. கரிந்தது ஆம்ப்ளிஃபயர்.

எழுத்து அழிந்த பழைய பெட்டியாயின், பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள மல்ட்டிமீட்டரால் கண்டு கொள்ளலாம். 8 ஓம் ஸ்பீக்கர் பெரும்பாலும் 6-ஐ ஒட்டிய எண்ணைக் காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3-ஐ ஒட்டிக் காட்டும். மீட்டர் நேர் மின்னோட்டத்தில் அளப்பதால் இந்தக் குறைவு. ஐந்து சிறு பெட்டிகளுடன் ஒரே அட்டைப்பெட்டியில் வரும் ஹோம் தியேட்டர்களின் ஸ்பீக்கர்கள் பல 3 அல்லது 4 ஓம் உடையவை. அவை தம் சொந்த ஆம்ப்ளிஃபயருக்கென்றே பிறந்தவை. அவற்றைப் பிரித்து வேறிடத்தில் இணைக்காதிருப்பது நலம்.

கோவில் திருவிழாவிலும் பள்ளி விழாவிலும் பாடும் மைக் செட்டின் கணக்கு வேறு. அந்த ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 4, 8, 16 ஓம் முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் முனைகள் இருக்கும். தென்னைக்குத் தென்னை கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு நெடுந்தூரம் ஒயர் இழுக்கும்போது சக்தி வழியிலேயே வீணாகாமல் இருக்க, அழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, ஒவ்வொரு குழாயருகிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மரால் இறக்கிக் கொள்வர். மின்வாரியம் உயர் அழுத்தக் கம்பியில் மின்சாரம் கொண்டுவரும் அதே தந்திரம். அங்கே ஓம் கணக்கு வேண்டாம். எல்லாக் குழாய்களின் வாட்டையும் கூட்டி, ஆம்ப்ளிஃபயரின் வாட்டுக்குள் அடங்கினால் சரி. ஆனால் பள்ளி மண்டபத்துக்கு யாரேனும் அன்பளிப்பாகத் தந்த டவர் ஸ்பீக்கரை அந்த 100 வோல்ட் முனையில் நேரே மாட்டி விடக் கூடாது. 100 வோல்ட்டை 8 ஓம் சுருளில் கொடுப்பது 1250 வாட் கேட்பதற்குச் சமம். நம் அருட்சகோதரியர் இதை மட்டும் குறித்துக் கொண்டால் ஒரு செட்டின் விலை மிச்சம்.

அடுத்தது உணர்திறன். விளம்பரத்தில் யாரும் இதைப் பெரிதாய் அச்சிடுவதில்லை, ஆனால் பையில் உள்ள பணத்தை மிச்சப்படுத்துவது இதுவே. 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கிறது என்பதே ஸ்பீக்கரின் உணர்திறன். வீட்டு ஸ்பீக்கர்களில் 84 முதல் 92 வரை இருக்கும். 86-க்கும் 92-க்கும் என்ன பெரிய வேறுபாடு, ஆறுதானே என்று தோன்றும். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 3-க்கும் சக்தி இரட்டிக்க வேண்டும். ஆகையால் 92 டெசிபல் ஸ்பீக்கரில் 20 வாட் தரும் ஒலியை, 86 டெசிபல் ஸ்பீக்கரில் பெற 80 வாட் வேண்டும். ஸ்பீக்கரில் நல்ல உணர்திறனைத் தேர்ந்தவர் நான்கு மடங்கு ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டியதில்லை. திருவிழாக் குழாய் குறைந்த வாட்டில் மலையடிவாரம் வரை கேட்பதும் இதனாலேதான். கூம்பு வடிவக் குழாய் சக்தியை ஒலியாக்குவதில் வீட்டு ஸ்பீக்கரைவிடப் பன்மடங்கு சிக்கனமானது. இனிமையில் சிக்கனம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்!

இப்பொழுது நம் முன்னறைக்கு வருவோம். 88 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டு, பத்தடி தள்ளி நாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாட் கொடுத்தால் நம் காதில் 80 டெசிபலைத் தாண்டி விழும். நாம் அருகருகே நின்று பேசுவது 60 அளவே. எனில் 100 வாட் எதற்கு? வில்லுப்பாட்டை எண்ணிப் பாருங்கள். கதை சொல்லும் குரல் அமைதியாய்ப் போகும். திடீரென்று குடத்தில் ஓர் அடி விழும். அந்த நொடிக்கு மட்டும் ஒலி 20 டெசிபல் எகிறினால், ஆம்ப்ளிஃபயர் அந்த நொடிக்கு 100 மடங்கு சக்தி தந்தாக வேண்டும். கால் வாட்டில் ஓடிக் கொண்டிருந்த பாட்டு சட்டென்று 25 வாட் கேட்கும். வாட் என்பது எந்நேரமும் செலவழிக்கும் பணமன்று, அவசரத்துக்கு வைத்திருக்கும் கைமுதல். நம் வீடுகளின் அளவுக்கு 88 அல்லது அதற்கு மேற்பட்ட 8 ஓம் ஸ்பீக்கருடன் நேர்மையான 40, 50 வாட் தாராளம் என்பது எங்கள் கருத்து.

'நேர்மையான' என்றோமே, அதற்குக் காரணம் உண்டு. '2000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று பளபளக்கும் எழுத்தை நம்ப வேண்டாம். ஆர்.எம்.எஸ். என்று குறித்த எண்ணைப் பாருங்கள். அதுவும் இல்லையெனில் செட்டைத் திருப்பி, எத்தனை வாட் மின்சாரம் செலவாகும் என்று பின்புறத் தகட்டில் உள்ளதைப் படியுங்கள். 60 வாட் மின்சாரம் குடிக்கும் பெட்டி 2000 வாட்டில் பாடுவது எவ்வாறு? மேலை நாட்டிலும் இந்தப் பொய் நெடுங்காலம் இருந்தது. 1974-இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் விதி வகுத்துத்தான் அடக்கியது.

வாட் குறைந்த ஆம்ப்ளிஃபயர் பெரிய ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் தவறே. சிறிய ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகினால், அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். வட்டமான அலை சதுரமாகிவிடும். அதே உச்ச அழுத்தத்தில் சதுர அலைக்கு இருமடங்கு சக்தி. போதாக்குறைக்கு, இசையில் இல்லாத கீச்சொலிகளும் அதில் பிறக்கின்றன. அவையெல்லாம் போய்ச் சேருமிடம் டவரின் மேற்புறம் உள்ள சிறு டுவீட்டர். அது தாங்குவது சில வாட் மட்டுமே. பாட்டு கரகரக்கத் தொடங்கியதும் குறைத்துவிட வேண்டும். கரகரப்பை ரசிக்கும் தம்பிமார் சிலர் உண்டு, அவர்களிடமிருந்து ரிமோட்டை வாங்கி வையுங்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு செய்திகள். மின்கம்பி முடியும் கடைசி வீடுகளில் 230 வோல்ட் 200-ஆக இறங்குவது உண்டு. அப்போது சாதாரண ஆம்ப்ளிஃபயரின் உச்ச சக்தியில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். வாங்கும்போதே சற்றுக் கூடுதலாக வாங்குவது நன்று. மற்றொன்று ஈரம். கூம்பின் விளிம்பில் நுரைப்பஞ்சு வளையம் உள்ள ஸ்பீக்கர் நம் மழையில் சில ஆண்டுகளில் பொடிப்பொடியாய் உதிரும். ரப்பர் வளையம் நீண்ட நாள் உழைக்கும். ரப்பர் என்றதும் நம் தோட்டத்துப் பால் என்று பெருமைப்பட வேண்டாம், பெரும்பாலும் அது செயற்கை ரப்பர்!

படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் ஒரே செட் போதுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். போதும். இருக்கும் பணத்தை ஐந்து மலிவுப் பெட்டிகளில் சிதறடிப்பதைவிட, முதலில் இரண்டு நல்ல டவர் வாங்கி, பின்னர் மற்றவற்றைச் சேர்ப்பது மேல். தாழ்ந்த ஒலிக்கெனத் தனி சப்வூஃபர் சேரும்போது, 80 ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்டதை அதனிடம் ஒப்படைத்துவிடும்படி ஆம்ப்ளிஃபயரில் அமைத்தால் அதன் பளு பெரிதும் குறையும். விலையுயர்ந்த தங்கமுலாம் ஒயர்கள் தேவையில்லை. நாலைந்து மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் தாராளம். டவரைச் சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலி பானைக்குள் பேசுவது போல் முழங்கும். ஓரிரு அடி முன்னே நகர்த்துங்கள்.

எல்லாம் சரியாயிருந்தும் குடத்தின் அடியும் மிருதங்கத்தின் தொப்பியும் மெலிந்து கேட்கின்றனவா? இரண்டில் ஒரு ஸ்பீக்கரின் ஒயர் முன்பின்னாய் மாறியிருக்கும். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுப்பதால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துக் கொள்கிறது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, கடிகாரத்தின் 1.5 வோல்ட் பாட்டரியை அந்த ஒயர் முனைகளில் ஒரு நொடி தொடுங்கள். நேர்முனை தொட்ட ஒயரால் பெரிய கூம்பு வெளியே வந்தால் அதுவே சிவப்பு முனைக்குரிய ஒயர். ஒரு துண்டு நூல் கட்டி அடையாளம் வைத்துக் கொண்டு, அடுத்த ஸ்பீக்கரையும் அவ்வாறே பாருங்கள்.