நின்றபடியும் பிரஷர் பாருங்கோ

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் அலுமாரிக்குள் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். போகும்போதெல்லாம் பிரஷர் எவ்வளவு என்று அதில் குறித்துக் கொடுப்பார்கள். அநேகமாக அது கதிரையில் இருக்கும்போது எடுத்த அளவு. அதே ஆள் எழும்பி நின்றதும் அந்த எண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது குறைவு. அவரும் வாய் திறப்பதில்லை. “எழும்பினா கண் இருட்டுது, வயசு போனா அப்பிடித்தானே” என்று விட்டுவிடுகிறார். இதை வயதின் கணக்கில் எழுதி மூடிவிடக்கூடாது. பல சமயம் இது திருத்தக்கூடிய காரணத்தால் வருவது.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லீற்றருக்கும் மேலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கலாம். கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள உணர்நரம்புகள் அதைக் கண்டுகொண்டு, இதயத்தை வேகமாக்கி, இரத்தக் குழாய்களை இறுக்கிவிடும். எல்லாம் சில விநாடிக்குள் நடக்கும். இதில் தாமதம் ஏற்பட்டால், அல்லது உடம்பில் நீர் குறைந்திருந்தால், மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. தலை இலேசாகும், கண் இருளும், கால் தள்ளாடும். நின்று மூன்று நிமிடத்துக்குள் பிரஷரின் மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதைக் கவனிக்கவேண்டிய வீழ்ச்சி என்று மருத்துவம் சொல்கிறது. படுக்கையில் புரளும்போதே வீடு சுற்றுகிறது என்றால் அது பெரும்பாலும் காதின் உட்பகுதிக் கோளாறு. அதற்கு வைத்தியம் வேறு.

முதலில் பார்க்க வேண்டியது மருந்துப் பெட்டியை. பிரஷர் குளிசைகள், சிறுநீர் அதிகம் போக வைக்கும் குளிசைகள், புரொஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், பார்க்கின்சன் மருந்துகள் எல்லாமே எழும்பும்போது பிரஷரை இறக்கக்கூடியவை. பிராசோசினின் முதல் குளிசையிலேயே சிலர் மயங்கி விழுவதுண்டு. அதனால்தான் அதைச் சிறிய அளவில், இரவில் படுக்கப் போகும்போது தொடங்கச் சொல்வார்கள்.

அரச கிளினிக்கில் லொசார்டன் வாங்குகிறவர், அவசரத்துக்குத் தனியார் மருத்துவர் ஒருவரிடமும் காட்டுகிறார். அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்ததை பார்மசியில் வாங்கினால் பெட்டியில் வேறு பெயர், உள்ளே அதே லொசார்டன். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டிலுள்ள அத்தனை குளிசையையும் ஒரு பையில் போட்டு மருத்துவர் முன்னால் கொட்டிக் காட்டுவதே நல்லது. தலைச்சுற்றுக்குப் பயந்து தாங்களாகவே நிறுத்துவதும் ஆபத்து. சில பிரஷர் குளிசைகளைத் திடீரென்று விட்டால் பிரஷர் எகிறிவிடும். பல வருடச் சீனி வருத்தம் நரம்புகளையே பாதிப்பதால், அப்படியானவர்களுக்கு மருந்து இல்லாமலும் இந்த வீழ்ச்சி வரும்.

பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, காலி வீதியை ஒட்டிய தொடர்மாடிகளில் தனியே வாழும் முதியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. இரவு இரண்டு மணிக்கு சிறுநீர் முட்டும். இருட்டில் சட்டென்று எழும்பி, ஈரமான பாத்ரூம் தரையில் கால் வைத்தால் இடுப்பெலும்பு போய்விடும். விழுந்து இறப்பவர்கள் உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பங்கு வயதானவர்கள். ஆடிவேல் தேருக்காக வெயிலில் நெடுநேரம் நிற்பவர்களும், கந்தசஷ்டி விரதத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வழக்கமான குளிசையை மட்டும் விடாமல் போடுபவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொழும்பில் எழும்பும்போது தலைசுற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: டெங்கு. 2017இல் இலங்கையில் 1,86,101 பேருக்கு டெங்கு பதிவானது. காய்ச்சல் விட்டதும் பிள்ளை தேறிவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் குறைந்த பிறகு எழும்பினால் தலைச்சுற்று, கை கால் குளிர்ச்சி, வயிற்று நோவு, விடாத வாந்தி, சிறுநீர் குறைவு என்று இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. டெங்குக் காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும் போதும்; டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் வேண்டாம்.

அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். களுபோவிலையிலோ தேசிய வைத்தியசாலையிலோ, “டொக்டர், படுத்தபடியும் நின்றபடியும் ஒருக்கா பிரஷர் பாருங்கோ” என்று தயங்காமல் கேட்கலாம். ஐந்து நிமிடம் படுத்தபின் ஒரு அளவு, நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் இரண்டு அளவு, அவ்வளவுதான். குளிசை உறையில் எழுதியது விளங்காவிட்டால் தமிழில் விளக்கம் கேட்பது யாரிடமும் கெஞ்சிப் பெறும் சலுகையல்ல. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசங்களிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. மறுக்கப்பட்டால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். தனியார் ஆஸ்பத்திரிகள் பற்றிய முறைப்பாட்டுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபை இருக்கிறது. மருந்துச் சிட்டையையும் பில்லையும் எறியாமல் வைத்திருந்தால்தான் முறைப்பாடு நிற்கும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. எழும்புமுன் கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் இருந்து, பாதங்களை மேலும் கீழும் ஆட்டிவிட்டுப் பிடித்துக்கொண்டு எழும்பலாம். தலை இலேசானால் உடனே இருந்துவிடலாம். ஆண்களும் இரவில் கொமட்டில் இருந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. ஒரேயடியாக வயிறு நிறையச் சாப்பிட்டபின் எழும்புவதிலும் கவனம் வேண்டும். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி கரைத்துக் குடிக்கலாம். தண்ணீரையும் உப்பையும் கூட்டச் சொல்லும் ஆலோசனை எல்லோருக்கும் பொருந்தாது. இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யக்கூடாது.

மயங்கி விழுந்தாலோ, தலைச்சுற்றோடு நெஞ்சு நோவு, படபடப்பு, கறுப்பு மலம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் இயலாமை, கர்ப்பிணிக்கு வயிற்று வலி என எது இருந்தாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் கட்டணம் கிடையாது. அது வரும்வரை மயங்கியவரைத் தூக்கிக் கதிரையில் இருத்த வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். மூச்சு சீராக இருந்தால் தரையிலேயே படுக்கவைத்து, கால்களுக்குக் கீழே இரண்டு தலையணையை வையுங்கள். வாந்தி வந்தால் ஒரு பக்கமாகத் திருப்பிவிடுங்கள்.